வாடகை கட்டுகிற ரோல்ஸ்

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் இருந்துகொண்டு சாப்பாட்டுச் சாமானுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் செட்டியார் தெருவைத் தாண்டினால் புறக்கோட்டை. நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி மூட்டையும் வெங்காயச் சாக்கும் சுமந்துகொண்டு நாட்டாமிமார் ஓடுகிற ஓட்டத்தில் ஒதுங்கி நிற்கவும் இடம் கிடைக்காது. மறுபக்கம் முகத்துவாரம், படகிலிருந்து மீன் இறங்குகிற இடம். களனிப் பாலத்தைத் தாண்டினால் பேலியகொடை. 2011இல் மொத்த மீன் சந்தையும் 2020 நவம்பரில் மெனிங் சந்தையும் அங்கே போய்ச் சேர்ந்தன. நுவரெலியாக் கரட்டும் லீக்ஸும், தம்புள்ளைப் பூசணியும், யாழ்ப்பாணத்து முருங்கைக்காயும் இராவோடு இராவாக லொறியில் வந்து இறங்குவது அங்கேதான். தீவு முழுக்க விளைகிற சாமான் எங்கள் வாசலை உரசிக்கொண்டு போகிறது. இவ்வளவுக்கும் நடுவில் இருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இடைவேளைக்கு என்ன சாப்பிடுகிறார்கள்? ரோல்ஸ்.

ரோல்ஸ் இல்லாவிட்டால் பற்றிஸ். பற்றிஸ் முடிந்தால் மாலு பணிஸ். அதுவும் முடிந்தால் ஒரு பக்கெட் பிஸ்கட்டும் சிவப்பாக ஏதோ ஒரு தண்ணியும். திங்கள் தொடங்கி வெள்ளி வரை இதுதான். காலை ஏழரைக்கு மணியடித்தால் ஒன்றரைக்குத்தான் விடுவார்கள். வளர்கிற பிள்ளை அந்த ஆறு மணித்தியாலத்தையும் பொரித்த மாவை நம்பிக் கழிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ரோல்ஸைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். வெளியே கோதுமை மா. இந்தத் தீவில் கோதுமை விளைவதில்லை; திருகோணமலையிலோ கொழும்புத் துறைமுகத்திலோ அரைக்கிறார்களே தவிர, தானியம் முழுதும் கப்பலில் வருவது. உள்ளே உருளைக்கிழங்கு, வெலிமடைக் கிழங்கு விலை கூட என்பதால் அநேகமாக இந்தியாவோ பாகிஸ்தானோ. வெங்காயம் இந்தியா. பொரிக்கிற எண்ணெய் மலேசியா அல்லது இந்தோனேசியா. டின் மீன் எந்தக் கடல் மீனோ தெரியாது. நம்முடையது என்று துணிந்து சொல்ல மிஞ்சுவது உப்பும் தண்ணீரும். 2025இல் உப்புக்கும் தட்டுப்பாடு வந்து அதையும் இந்தியாவிலிருந்து இறக்கினார்கள். ஆகவே அந்த வருஷம் தண்ணீர் மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறார். எந்தச் சாக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது அவருக்கு மனப்பாடம். மைசூர்ப் பருப்பு கனடா, அவுஸ்திரேலியா. பால்மா நியூசிலாந்து. செத்தல் மிளகாய் இந்தியா. நெத்தலி தாய்லாந்து. “நாலு பக்கமும் கடல் இருக்கிற நாடு, நெத்தலிக்குத் தாய்லாந்துக்குப் போகுது” என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 2023 டிசெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது கொழும்பில் வெங்காயம் விற்ற விலை யாருக்கு மறக்கும்? கென்டீன் ரோல்ஸ் உடனே ஒரு விரல்கட்டை குறுகிப்போனது. விலை மட்டும் குறுகவில்லை. எங்கோ ஒரு அமைச்சர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் இங்கே பிள்ளையின் வாய்க்குப் போவது சுருங்குகிறது.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். சின்னவள் மூன்றாம் ஆண்டு, பெரியவன் ஏழாம் ஆண்டு. சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே அரசாங்கச் சாப்பாடு கிடைக்கிறது. சோறு, பருப்பு, ஏதாவதொரு மரக்கறி, ஒரு கீரை. சில நாள் முட்டை, சில நாள் கடலை. 2024 மார்ச்சில் இந்தச் சத்துணவுத் திட்டத்தை அரச பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு முழுவதற்கும் விரித்தார்கள். ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகள், ஏறக்குறைய 16 இலட்சம் பிள்ளைகள். நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். ஆனால் திட்டம் ஐந்தாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடிந்ததும் பிள்ளைக்குப் பசி நின்றுவிடும் என்று யார் கண்டுபிடித்தார்கள்? பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் பிள்ளை கிடுகிடுவென்று வளரும். பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாகிற வயதும் அதுதான். இரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டிய வயது. சரியாக அந்த வயதில் சோற்றுக் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, “அங்க போ” என்று கென்டீன் வாசலைக் காட்டுகிறார்கள்.

அந்த வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. 2015இல் கல்வி அமைச்சு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளுக்கென்று சுற்றுநிருபம் அனுப்பியது. எது விற்கலாம், எது விற்கக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. இனிப்புப் பானம் கூடாது, ரொபி சொக்லட் கூடாது, எண்ணெயில் முக்கி எடுத்த பண்டத்தைக் குறை. கடலை, பயறு, கௌபி, பழம், இலைக்கஞ்சி வை. அடுத்த வருஷம், 2016 ஓகஸ்டிலிருந்து, குளிர்பானப் போத்தல்களில் சீனி எவ்வளவு என்பதைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறத்தில் காட்டவும் சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. எழுதினவர்கள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பட்டியலுக்கு நேர் கீழே உள்ள கண்ணாடிப் பெட்டியில் ரோல்ஸ் அடுக்கியிருக்கிறது. பட்டியலின் ஓரத்தில் எண்ணெய்க் கை பட்ட அடையாளம் வேறு.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வருகிற நாளை எப்படியோ முன்கூட்டியே அறிந்துகொள்கிறார்கள். அன்றைக்குப் பாருங்கள், கடலை அவிந்து தேங்காய்ச்சொட்டும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்து மணக்கும். வாழைப்பழச் சீப்பு தொங்கும். பெரியவன் வீட்டுக்கு வந்து, “அம்மா, இண்டைக்குக் கடலை வித்தவங்க, நல்லா இருந்திச்சு” என்றால் எனக்கு விளங்கிவிடும், பரிசோதகர் வந்து போயிருக்கிறார் என்று. அடுத்த நாள் பழையபடி பொரியல். கடலை அவிக்கத் தெரியாது, சாமான் கிடைக்காது, பிள்ளைகள் வாங்கமாட்டார்கள் என்று சொல்கிற சாக்கெல்லாம் அந்த ஒரு நாளில் பொய்யாகிப்போகிறதே! அவிக்கத் தெரிகிறது. சாமான் கிடைக்கிறது. பிள்ளைகளும் தீர்த்துவிட்டுப் போகிறார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது என்பதுபோல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துப் பொருளாளர் பொறுமையாகவே பதில் சொன்னார்: “அக்கா, கென்டீனை டெண்டருக்குத்தான் விடுறம். ஆர் கூட வாடகை போடுறாங்களோ அவங்களுக்குப் போகும். அந்தக் காசிலதானே ஸ்மார்ட் போட் வாங்கினம், மலசலகூடம் திருத்தினம். உங்கட மகன்ட வகுப்புக்கு ஃபேன் போட்டதும் அதிலதான்.”

எனக்கு வாய் அடைத்துப்போனது. அவர் சொன்னதில் பொய் இல்லை. அரசாங்கம் தருகிற காசில் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. எங்கேயோ தேட வேண்டும். தேடக் கிடைத்த இடம் பிள்ளைகளின் வயிறு. மின்விசிறியைச் சுற்றவைப்பது ரோல்ஸ் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

கென்டீன் நடத்துகிறவரிடமும் கேட்டுப் பார்த்தேன். நல்ல மனிதர், கோபப்படவில்லை. “தங்கச்சி, நான் மாசம் முடியக் கட்டுற வாடகையைக் கேட்டா மயங்கி விழுவீங்க. கடலை, பயறு வித்து அந்த வாடகை கட்ட ஏலுமா? ஊறப்போடணும், அவிக்கணும், மிஞ்சினா பின்னேரம் புளிச்சுப் போகும். ரோல்ஸ் மிஞ்சினா அடுத்த நாள் சூடாக்கிக் குடுக்கலாம்” என்றார். கடைசி வசனத்தைச் சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. இரண்டு பேரும் அதைக் கேட்காதது மாதிரி இருந்துவிட்டோம்.

அவரைத் திட்டி என்ன பயன்? வாடகையைக் கூட்டிக் கேட்டவர்கள் நாம். சுற்றுநிருபம் ஒன்று சொல்கிறது, டெண்டர் தாள் இன்னொன்று சொல்கிறது. இரண்டில் எது மாதம் முடியக் காசு கேட்டு வருமோ அதற்குத்தான் மனிதன் கட்டுப்படுவான். வாடகை ஏறினால் மலிந்த மா, திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய். பழமும் பயறும் இலாபம் குறைந்த சாமான். அவற்றை வைக்கிறவன் அடுத்த வருஷ டெண்டரில் தோற்றுப்போவான்.

எங்கள் சந்தில் ஒரு அக்கா விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிக்கிறார். சிவப்பு அரிசி மா இடியப்பம், பருப்பும் தேங்காய்ப்பாலும் விட்ட சொதி, இடித்த சம்பல். ஏழு மணிக்குள் சட்டி காலி. இன்னும் ரெண்டு சந்து தள்ளித் தோசைக்காரி. கொட்டாஞ்சேனைப் பக்கம் மரவள்ளி அவித்துக் கட்டைச் சம்பலோடு விற்கிற வயதான அம்மா. இவர்கள் யாராவது பள்ளிக்கூட டெண்டர் போடலாமா? வைப்புப் பணம் கட்ட வேண்டும், ஆறு மாதத்து வாடகையை முன்பணமாக வைக்க வேண்டும் என்று கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம் இடியப்பம் அவிகிறது, இந்தப் பக்கம் பிள்ளை பற்றிஸ் சாப்பிடுகிறது. நடுவில் நிற்பது மதில்கூட இல்லை, டெண்டர்.

“உள்ளூர் உணவு” என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் உடனே வீட்டுத்தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். உலக உணவுத் திட்டம் பள்ளிச் சாப்பாடு சமைக்கிற கிராமத்துப் பெண்களுக்குக் கோழி கொடுத்து, தோட்டம் போட உதவி, முட்டையையும் கீரையையும் அவர்களே உற்பத்தி செய்யும்படி ஒரு திட்டம் நடத்துகிறது. கிராமத்துக்கு அருமையான யோசனை. ஜிந்துப்பிட்டியில் கோழி வளர்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குப் போவார். உடுப்புக் காயப்போடவே இடம் தேடுகிற எங்களுக்குக் கீரைப்பாத்தி எங்கே? கொழும்பு 13இல் உள்ளூர் உணவு என்றால் சந்தைதான். பேலியகொடைக்கு இராத்திரி வருகிற கரட், முகத்துவாரத்தில் இறங்குகிற சாளை, வவுனியாவிலிருந்து வருகிற உளுந்து, பொலன்னறுவை அரிசி, குருநாகல் தேங்காய். நாலு பள்ளிக்கூடம் சேர்ந்து ஒரு லொறி பிடித்தால் வேண்டிய சாமான் வாசலுக்கு வரும். அதற்குத் தோட்டம் வேண்டாம், ஒரு தொலைபேசி போதும்.

மறுமுனையில் கமக்காரன் படுகிற பாடும் தெரிந்ததுதான். விளைச்சல் கூடினால் தம்புள்ளையில் பூசணியைக் கொட்டிவிட்டுப் போகிறான். அறுவடை செய்த காய்கறி பழத்தில் மூன்றில் ஒரு பங்கு சாப்பிடுகிற வாய்க்கு வந்து சேராமலே வீணாகிறது என்று அதிகாரிகளே சொல்கிறார்கள். 2020இல் உள்ளூர்க் கமக்காரரைக் காப்பாற்ற என்று உளுந்து, பயறு, கௌபி இறக்குமதியை நிறுத்தினார்கள். உளுந்து விலை ஆகாயத்துக்குப் போய், தோசைக் கடைக்காரர் எல்லாம் தலையில் கைவைத்தார்கள்; கோயில் வடை சிறுத்தது. விலை ஏறினால் விதைப்பான், பிறகு விலை விழுந்தால் விடுவான். இதுதான் கமக்காரன் கதை. இலட்சக் கணக்கான பிள்ளைகளுக்கு வாரத்தில் ரெண்டு நாள் பயறு என்று அரசாங்கம் முன்கூட்டியே வாங்கச் சம்மதித்திருந்தால் அவனுக்கு விதைக்க ஒரு தைரியம் இருந்திருக்கும். தடை போட ஒரு வர்த்தமானி போதும். வாங்குவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் வருவதில்லை.

இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துச் சாப்பாடு எப்போதும் வெளியிலிருந்து வருகிற கருணையாகத்தான் இருந்திருக்கிறது. என் அம்மா காலத்தில் கெயர் பிஸ்கட். அமெரிக்க உதவியில் வந்தது. அதைப்பற்றிப் பேசும்போது அம்மாவுக்கு இன்றைக்கும் முகம் மலரும். 2022 நெருக்கடியில் சீனா 10,000 தொன் அரிசியைப் பள்ளிச் சாப்பாட்டுக்கென்று அனுப்பியது. அமெரிக்கா மஞ்சள் பட்டாணிப் பருப்பு அனுப்பியது. யப்பான் டின் மீன் தந்தது. தந்தவர்களுக்குக் கோடி புண்ணியம். அந்த வருஷம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த காலம், வந்ததை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனாலும் இரண்டாயிரம் வருஷமாகக் குளம் வெட்டி நெல் விளைத்ததாகப் பெருமை பேசுகிற நாடு, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நாடு, பிள்ளைகளின் கோப்பைக்கு அரிசியும் மீனும் இரந்து வாங்கியது. ஒரு வருஷம் முன்பு, 2021இல், இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்து வயலைக் காயவிட்டதும் இதே நாடுதான்.

பிள்ளைகளின் சாப்பாட்டில் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இங்கே சரித்திரம் இருக்கிறது. 1953இல் நிதியமைச்சராயிருந்த ஜே.ஆர். ஜயவர்த்தன ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார். அதே செலவு வெட்டில் பள்ளிக்கூடத்து இலவச மதிய உணவும் போனது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். நாடு நின்றுபோனது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவியை விட்டுப் போனார். 1989இல் ஜனாதிபதி பிரேமதாச எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு என்று தொடங்கினார். ஆட்சி மாறத் தொண்ணூறுகளின் நடுவில் அதுவும் நின்றது. ஒருவர் தொடங்குவார், அடுத்தவர் நிறுத்துவார். பிள்ளையின் சாப்பாடு நாட்டின் வழக்கமாக ஆகவே இல்லை. யாரோ ஒரு தலைவரின் நன்கொடையாகவே இருந்துவிட்டது.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் வயிறு எரிகிறது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் தியாகராயச் செட்டியார் காலத்தில் மதிய உணவு தொடங்கியது. காமராஜர் ஐம்பதுகளில் ஊரெல்லாம் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக்கினார், பிறகு வந்தவர்கள் முட்டை சேர்த்தார்கள். 2022 செப்டெம்பரில் காலைச் சாப்பாடும் தொடங்கிவிட்டார்கள்: உப்புமா, கிச்சடி, பொங்கல். அங்கே கட்சிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஆனால் பிள்ளைச் சோற்றில் முன்னவன் போட்டதை எடுக்க எவனுக்கும் துணிச்சல் கிடையாது. கூட்டத்தான் போட்டி. பிரேசிலில் 2009இல் சட்டமே போட்டார்கள்: பள்ளிச் சாப்பாட்டுக்கு மத்திய அரசு தருகிற காசில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் சிறு விவசாயக் குடும்பங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று. கமக்காரனுக்கு நிச்சயமான சந்தை, பிள்ளைக்குப் புதிய சாமான். நமக்கு இது விளங்காத அளவுக்குக் கடினமான கணக்கா?

சின்னவளின் சாப்பாட்டைப் பற்றியும் எனக்கு இன்னொரு ஆதங்கம் இருக்கிறது. அரசாங்கம் 2024இல் ஒரு பிள்ளையின் ஒரு வேளைக்கு வைத்த காசு 110 ரூபா. அதற்குள் அரிசி, பருப்பு, கீரை, முட்டை, விறகு அல்லது காஸ், சமைக்கிற அம்மாவின் கூலி, பள்ளிக்கூடம் வரை ஓட்டோக் காசு எல்லாம் அடங்க வேண்டும். செட்டியார் தெருப் பக்கம் ஒரு பிளேன்டீயும் ஒரு வடையும் சாப்பிட்டால் அந்தக் காசில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் காசும் கையோடு வருவதில்லை; மாதக் கணக்கில் பிந்துவதாகச் சமைக்கிறவர்கள் சொல்வது பத்திரிகையில் திரும்பத் திரும்ப வருகிற செய்தி. அதுவரை அந்தப் பெண் கடைக்குக் கடன், காதிலுள்ளது அடகு. முட்டை விலை ஏறினால் முதலில் முழு முட்டை அரையாகும், பிறகு காணாமற்போகும். 2023இல் முட்டையையே இந்தியாவிலிருந்து இறக்கின நாடு இது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு அந்தப் பெண்கள் சமைத்துக்கொண்டு வருகிறார்களே, அவர்களைத்தான் கையெடுத்துக் கும்பிட வேண்டும். தாமதமாகக் காசு அனுப்புகிறவர்களுக்குச் சம்பளம் ஒரு நாள் பிந்தட்டும் பார்ப்போம்.

இதைச் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும்: “அம்மாமார் காலையில எழும்பிச் சமைச்சுக் குடுத்தா என்ன?” சொல்கிறவர் பெரும்பாலும் காலையில் சமைக்காத ஆண்பிள்ளையாக இருப்பார். இந்தப் பக்கத்து அம்மாமாரில் பாதிப்பேர் ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள். கடையில் நிற்கிறவர்கள், வீடுகளில் வேலை செய்கிறவர்கள், குவைத்திலும் டுபாயிலும் இன்னொருவர் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறவர்கள். அம்மம்மாக்கள் வளர்க்கிற பிள்ளைகள் எத்தனை! நான் கட்டிக் கொடுக்கத்தான் செய்கிறேன். பெரியவன் கொண்டுபோன அவித்த மரவள்ளியை மூடியும் திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்தான். “எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா” என்றான். சிரிப்பார்கள்தான். விற்பனைக்கு வைக்கிறதுதான் மதிப்பான சாப்பாடு என்று பள்ளிக்கூடமே கண்ணாடிப் பெட்டி போட்டுச் சொல்லிக்கொடுக்கிறதே. அதே மரவள்ளி அந்தப் பெட்டிக்குள் இருந்தால் வரிசையில் நின்று வாங்குவார்கள்.

பலாவைப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு முன் பாணந்துறை ஆர்தர் வி. டயஸ் பலாக்கன்று நடச்சொல்லி நாடெங்கும் இயக்கம் நடத்தினார். சனங்கள் அவரைக் ‘கொஸ் மாமா’ என்றே கூப்பிட்டார்கள். பஞ்சத்தில் ஊரைக் காப்பாற்றிய மரம். மேல் மாகாணத்தில் இன்றைக்கும் காய்த்துக் குலுங்குகிறது. காயாகச் சமைக்கலாம், சுளையாக அவித்துத் தேங்காய்ப்பூ போடலாம், பழமாகத் தின்னலாம், கொட்டையையும் விடுவதில்லை. ஒரு கென்டீனிலாவது அவித்த பலாக்கொட்டை கண்டிருக்கிறீர்களா? ஈரப்பலாச் சீவல்? மாம்பழக் காலத்தில் ஒரு துண்டு கறுத்தக் கொழும்பான்? விலை கூட என்பார்கள். மெல்லிய தாளில் சுற்றிய சொக்லட் மட்டும் சும்மா தருகிறார்களா?

இன்னொரு வேடிக்கை. விடிய காலிமுகத்திடலில் போய்ப் பாருங்கள். வேகமாக நடக்கிற ஐயாமார், அம்மாமார் நடந்து முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு இலைக்கஞ்சி வாங்கிக் குடிக்கிறார்கள். வல்லாரை, முடக்கொத்தான், ஹாத்தாவாரிய என்று இலையைக் கேட்டு வாங்குவார்கள். ஏன்? சீனி வருத்தம் வந்துவிட்டது, பிரஷர் வந்துவிட்டது, டொக்டர் சொல்லிவிட்டார். நாற்பது வருஷம் ரோல்ஸ் சாப்பிட்டு வருத்தத்தைத் தேடிக்கொண்ட பிறகு ஒரு கோப்பை கஞ்சிக்கு வருகிறோம். அந்தக் கோப்பையைப் பத்து வயதில் கொடுத்தால் யாருக்கு நட்டம்? டொக்டருக்குத்தான்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். புது ஆணைக்குழு வேண்டாம், செயலமர்வும் வேண்டாம், முக்கியமாக இன்னொரு சுற்றுநிருபம் வேண்டவே வேண்டாம். ஒட்டுவதற்குச் சுவரில் இடமில்லை. பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வேண்டுமென்றால் அதற்கு அரசாங்கம் காசு தரட்டும். கென்டீனை வருமானம் தேடுகிற இடமாக வைத்திருக்கிற வரை எந்தப் பட்டியலும் வேலை செய்யாது. வாடகையைப் பேருக்கு ஒரு தொகையாக நிர்ணயித்துவிட்டு, எவர் நல்ல சாப்பாட்டை மலிவாகக் கொடுக்கிறாரோ அவருக்கு விடட்டும். இடியப்பம் அவிக்கிற அக்காமார் மூன்று பேர் சேர்ந்து கேட்டால் வைப்புப் பணம் இல்லாமல் ஏற்கட்டும். ஐந்தாம் ஆண்டோடு நிற்கிற சோறு பதினோராம் ஆண்டு வரை போகட்டும். ஒரேயடியாக முடியாவிட்டால் வருஷத்துக்கு ஒரு வகுப்பாகக் கூட்டட்டும். சமைக்கிற பெண்களுக்கு மாதம் முடியக் காசு போகட்டும்.

இவற்றில் பெரும்பாலானவை என் கைக்கு எட்டாதவை. அமைச்சரும் திறைசேரியும் பார்க்க வேண்டியவை. ஆனால் டெண்டர் தாள் எங்கள் கைக்கு எட்டும். அதை எழுதுவது எங்கள் அபிவிருத்திச் சங்கம்தான், சங்கத்தில் உட்காருவது எங்களைப் போன்ற பெற்றோர்தான். மார்கழியில் அடுத்த டெண்டர். பழைய தாளை வாங்கி வாசித்துப் பார்த்தேன். மாத வாடகை எவ்வளவு தருவீர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்று ஒரு கட்டம். மேசை கதிரை உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒரு கட்டம். திங்கட்கிழமை பிள்ளைக்கு என்ன சாப்பாடு வைப்பீர், சாமானை எங்கிருந்து வாங்குவீர், என்ன விலை என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. இந்த முறை கூட்டத்துக்குத் தனியாகப் போவதாக இல்லை. ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளின் அம்மாமாரைக் கூட்டிக்கொண்டுதான் போகப்போகிறேன். அந்தக் கட்டத்தைப் போடும்வரை ஒருவரும் கதிரையை விட்டு எழும்புவதாக இல்லை. வாடகை கொஞ்சம் குறையும், தெரியும். மின்விசிறி பழுதானால் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு படிக்கட்டும்.